மாரிக்கு முன் எழுத வேண்டிய பெயர்



ஆவணி கழிந்து புரட்டாதி பிறந்ததும் நெல்லியடிச் சந்தியில் உள்ள கடை வாசல்களில் நீலப் படங்குகள் தொங்கத் தொடங்கும். சந்தைக்கு வரும் பெண்கள் மரக்கறிப் பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் படங்கைத் தடவிப் பார்த்து விலை கேட்பார்கள். சிலர் வாங்குவார்கள். பலர் "அடுத்த கிழமை பாப்பம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவார்கள். விறகைக் கொட்டிலுக்குள் அடுக்குவது, கூரையின் ஓட்டையைப் பார்ப்பது, ஒடியலை ஈரம் படாமல் தகரத்தில் போட்டு மூடுவது, ஆட்டுக்கு மேடான இடம் பார்ப்பது என்று மாரிக்கு ஆயத்தமாவது எமது வீடுகளில் காலங்காலமாகப் பெண்களின் வேலை. இதற்காக யாரும் எமக்குச் சுற்றுநிருபம் அனுப்புவதில்லை.

அரசாங்கமும் மாரிக்கு ஆயத்தமாக வேண்டும். அது எவ்வாறு ஆயத்தமாகிறது, அந்த ஆயத்தம் எமது வீட்டுப் படலை வரை வந்து சேர்கிறதா, சேராவிட்டால் எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்பவற்றைப் பற்றியே இம்மாதம் உங்களுடன் பேச விரும்புகிறேன். இதில் நான் செய்த ஒரு பிழையும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இரண்டு மணித்தியாலம்

2004 மார்கழி 26ஆம் திகதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூரணை தினம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பருத்தித்துறைப் பக்கமிருந்து சைக்கிளில் வந்த ஒருவர் எங்கள் ஒழுங்கையில் நின்று "கடல் ஊருக்குள்ளை வந்திட்டுது" என்று கத்தினார். அம்மா முதலில் நம்பவில்லை. கடல் எப்படி ஊருக்குள் வரும் என்று கேட்டார். சிறிது நேரத்தில் உழவு இயந்திரங்களிலும் லொறிகளிலும் நனைந்த உடுப்புடன் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களைப் பார்த்த பிறகுதான் நம்பினோம். சுனாமி என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றிரவு வானொலியில்தான்.

பல வருடங்களின் பின்னர் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ஓர் உண்மையைத் தெரிந்துகொண்டேன். சுமாத்திராவுக்கு அருகில் பூமி அதிர்ந்தது அன்று எமது நேரப்படி காலை ஏழு மணியளவில். அலை எமது கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் மணற்காட்டிலிருந்தும் உடுத்துறையிலிருந்தும் ஒரு வயோதிபர்கூட நடந்தே தப்பியிருக்கலாம். நாட்டில் வானொலி இருந்தது, தொலைபேசி இருந்தது. ஆனால் "ஓடுங்கள்" என்று சொல்வதை யாருடைய கடமையாகவும் எந்தச் சட்டமும் ஆக்கியிருக்கவில்லை. இலங்கை முழுவதிலும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள்.

இறந்தவர்களில் பெண்களே அதிகம் என்பது பல கிராமங்களில் எடுத்த கணக்குகளில் தெரியவந்தது. அன்று காலையில் பெண்கள் வீட்டிலும் கரையிலும் பிள்ளைகளுடன் நின்றார்கள். பிள்ளையை விட்டுவிட்டு ஓட முடியவில்லை. பலருக்கு நீந்தவோ மரம் ஏறவோ தெரியாது. சேலையும் நீண்ட கூந்தலும் முள்வேலியில் சிக்கின.

இந்தப் பேரழிவின் பின்னரே சட்டம் வந்தது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம் அவ்வாண்டு வைகாசியில் நிறைவேறியது. சனாதிபதியின் தலைமையில் தேசிய பேரவை ஒன்றும், அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உருவாயின. மாவட்டச் செயலகத்தில் அதற்கு ஓர் அலகு உண்டு. பிரதேச செயலகத்தில் அதற்குப் பொறுப்பான உத்தியோகத்தர் உண்டு. கடைசிப் படியாகக் கிராம அலுவலர் பிரிவில் ஒரு குழு அமைக்கப்பட வேண்டும். முன்னெச்சரிக்கை, மீட்பு, முதலுதவி, தங்குமிடம், பாதுகாப்பு என்று அதற்குள் சிறு பிரிவுகள் உண்டு. 117 என்ற இலக்கத்தை எந்தத் தொலைபேசியிலும் அழுத்தி எந்த நேரத்திலும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துடன் பேசலாம்.

ஆகவே, இன்று "சொல்வது யாருடைய கடமை" என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் உண்டு. எமது கேள்வி அதற்கு அடுத்தது. சொன்ன பிறகு என்ன நடக்கிறது?

முகாம் என்ற சொல்

எமக்கு வெள்ளம் புதிதல்ல. 2008 கார்த்திகையில் நிஷா புயல் வந்தபோது நான் உயர்தர வகுப்பு மாணவி. கார்த்திகை 25ஆம் திகதி ஒரே நாளில் யாழ்ப்பாணத்தில் 300 மில்லிமீற்றருக்கும் கூடுதலான மழை கொட்டியது. வல்லை வெளி கடலாகிக் கிடந்தது. வெங்காயத் தோட்டங்களில் வரம்பே தெரியவில்லை. ஏ9 பாதை பூட்டியிருந்த காலம் அது. அதே மழையில் வன்னியில் எமது சகோதரிகள் ஏற்கெனவே இடம்பெயர்ந்து மரத்தடிகளிலும் தறப்பாள் கொட்டில்களிலும் இருந்தார்கள். இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்களில் சிலர் அந்தக் கொட்டில்களில் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி விடிய விடிய நின்றிருப்பீர்கள்.

2020 மார்கழி 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தபோது நிலைமை வேறு. சில நாட்களுக்கு முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. கடலுக்குப் போகவேண்டாம் என்று அறிவித்தார்கள். பாடசாலைகளைத் திறந்துவிட்டார்கள். நானும் ஒரு தொண்டராகக் கிழக்குக் கரையில் ஒரு கிராமத்துக்கு வீடு வீடாகச் சொல்லப் போனேன். ஒரு வீட்டில் தாயும் மூன்று பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். காற்று ஏற்கெனவே பனைகளை வளைத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ. இரவுக்கு முகாமிலை தங்கலாம்" என்றேன்.

"முகாமோ? நான் வரமாட்டன் பிள்ளை. செத்தாலும் இந்த வீட்டுக்குள்ளையே கிடக்கிறம்" என்றார்.

எனக்குச் சற்றுக் கோபமும் வந்தது. உயிரைவிட வீடு பெரிதா என்று நினைத்தேன். பிறகுதான் அந்தச் சொல்லின் பாரம் விளங்கியது. அந்த அம்மா 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய், செட்டிகுளம் மெனிக்பாமில் முட்கம்பிக்குள் இருந்தவர். தண்ணீருக்கும் வரிசை, மலசலகூடத்துக்கும் வரிசை, இரவில் வெளியே போகப் பயம். அவருக்கு முகாம் என்றால் அதுதான். நான் பாதுகாப்பு என்று நினைத்துச் சொன்ன சொல் அவருக்குச் சிறை என்று கேட்டிருக்கிறது.

அன்று அவரோடு திண்ணையில் இருந்து கதைத்தேன். அவர் கேட்டவை நாலே நாலு. மலசலகூடத்துக்கு உள்ளே பூட்டு இருக்குமா? இரவில் லைற் எரியுமா? பெண்பிள்ளைகளுக்குத் தனி அறை உண்டா? வாசலில் யார் நிற்பார்கள்? இந்த நாலு கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பாடசாலைக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். பூட்டு இல்லை. கயிறு கட்டினோம். ஓர் அறையைப் பெண்களுக்கென்று ஒதுக்கும்படி விதானையாரிடம் கேட்டோம். அவரும் உடனே சம்மதித்தார். அதன் பிறகே அந்தக் குடும்பம் வந்தது.

ஒரு கயிறும் ஓர் அறையும் அந்த நாலு பேரையும் கொண்டுவந்து சேர்த்தன. புயல் பற்றிய விஞ்ஞானத் தகவல் எல்லாம் சரியாக வந்திருந்தது. கதவின் பூட்டைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை. ஆயத்தக் கூட்டத்தில் பெண்கள் இருந்திருந்தால் முதலாவதாக அதைத்தான் கேட்டிருப்பார்கள்.

இது எமது ஊருக்கு மட்டும் உரிய குறை அல்ல. 1991 சித்திரையில் வங்காளதேசத்தை ஒரு பெரும் புயல் தாக்கியது. ஓர் இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாதிக்கப்பட்ட பகுதியில் 20 முதல் 44 வயதுப் பெண்களில் ஆயிரத்துக்கு 71 பேரும், அதே வயது ஆண்களில் ஆயிரத்துக்கு 15 பேரும் இறந்ததாகக் கணக்கெடுத்தார்கள். எச்சரிக்கை பல இடங்களுக்கு வந்திருந்தது. கணவர் வரட்டும் என்று காத்திருந்த பெண்கள், அந்நிய ஆண்கள் நெருங்கி நிற்கும் மண்டபத்துக்குள் போகக் கூசிய பெண்கள், கோழியையும் ஆட்டையும் விட மனமில்லாத பெண்கள் வீட்டிலேயே நின்றுவிட்டார்கள். அந்த நாடு இதிலிருந்து படித்தது. இன்று அங்குள்ள புயல் ஆயத்தத் திட்டத்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் பெண்கள். ஒரு பெண் வந்து கதவைத் தட்டி "வாங்கோ" என்றால் இன்னொரு பெண் நம்பிப் போவாள்.

இந்தியாவில் ஒடிசா மாநிலத்தையும் பாருங்கள். 1999இல் வந்த பெரும் புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் புயல் வந்தபோது ஏறத்தாழ பத்து இலட்சம் பேரை முன்கூட்டியே அகற்றினார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. புயலின் பலம் குறைந்ததால் அல்ல, ஊர்களின் ஆயத்தம் கூடியதால் வந்த மாற்றம் இது. அரசாங்கம் மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நான் எழுதிய பிழையான பெயர்

இனி என் பிழைக்கு வருகிறேன்.

2024 கார்த்திகை கடைசியில் பெங்கால் புயலாக மாறிய தாழமுக்கம் எமது கிழக்குக் கடலோரமாக மெதுவாக நகர்ந்தது. நாட்கணக்காக மழை. யாழ்ப்பாண மாவட்டத்தில் பல்லாயிரக்கணக்கான குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. தண்ணீர் வடிந்த பிறகு சேத விபரம் எடுக்கும் வேலை தொடங்கியது. ஆள் பற்றாக்குறை. படிவம் நிரப்ப எங்களையும் உதவிக்குக் கேட்டார்கள்.

ஒரு கொட்டில் வீட்டின் சுவர் ஒரு பக்கம் இருந்துவிட்டது. அந்த வீட்டுக்கார அக்காவின் கணவர் 2009 வைகாசியில் இருந்து காணாமற்போனவர். பதினைந்து வருடமாக வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கி இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர் அந்த அக்காதான். படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம் இருந்தது.

"ஆற்றை பேர் எழுத?" என்று கேட்டேன்.

"அவற்றை பேரை எழுதுங்கோ" என்றார். சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவர் இருக்கிறார் என்று எங்கேயாவது ஒரு கடுதாசியில் இருக்கட்டும் என்ற ஆசை. நான் எழுதிவிட்டேன்.

பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பற்றி நான் பல்கலைக்கழகத்தில் நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதியவள். ஆனால் ஒழுங்கையில் தண்ணீர் நிற்க, அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து நிற்க, எனக்கு அது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. இரக்கப்பட்டு எழுதினேன்.

பிறகு நடந்ததை நீங்கள் ஊகிப்பீர்கள். கொடுப்பனவு வந்தபோது படிவத்தில் உள்ளவர் அடையாள அட்டையுடன் வரவேண்டும் என்றார்கள். ஆள் இல்லை என்றால் இறப்புச் சான்றிதழைக் கொண்டுவரச் சொன்னார்கள். "அவர் செத்துப்போனார் எண்டு நான் என்ரை கையாலை எழுதிக் குடுக்க மாட்டன். அந்தக் காசு எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குத் திரும்பிவிட்டார். எனக்குத் தெரியவந்தது ஒன்றரை மாதத்தின் பின்னர். கடிதங்களுடன் இரண்டு முறை ஏறி இறங்கினோம். மூன்றாவது முறைக்கு அக்கா வரவில்லை. ஒரு நாள் கந்தோருக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். சுவர் இருந்த பக்கத்தைப் படங்கால் மறைத்துக்கொண்டு இருந்தார்.

யாரைக் குற்றம் சொல்வது? காசு கொடுத்தவர்கள் விதியின்படி நடந்தார்கள். அந்த அக்கா தன் மனச்சாட்சியின்படி நடந்தார். நடுவில் பேனை பிடித்தவள் நான். இரக்கம் வேறு, பதிவு வேறு என்பதை அன்று நான் படித்துக்கொண்டேன்.

நிவாரணம் பெயர் எழுதிய வழியால்தான் போகும். கஷ்டப்பட்டவர் யார் என்பதைக் காசு அறியாது. கட்டத்தில் உள்ள பெயரை மட்டுமே அது அறியும்.

வீடு யாருடைய பெயரில்?

பெரிய அனர்த்தங்களில் இந்தக் கட்டம் இன்னும் பெரிதாகிவிடும். சுனாமிக்குப் பின் கரையோரத்தில் வீடு கட்டக்கூடாத வலயம் என்று தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் ஒதுக்கினார்கள். பிறகு அதைத் தளர்த்தினார்கள். இதற்கிடையில் மக்கள் வேறு காணிகளுக்குப் போனார்கள். புது வீடுகள் வந்தன. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போவது வழமை. அலை அடித்துக்கொண்டு போனது பெண்ணின் சீதன வீட்டை. பதிலுக்கு வந்த வீடு பல இடங்களில் "குடும்பத் தலைவர்" என்ற பெயரில் கணவனுக்குப் பதிவானது. அந்தக் கட்டத்தினால் தலைமுறை தலைமுறையாக வந்த சொத்தின் பாதை மாறிவிட்டது.

எமது தேசவழமையிலும் சீதனக் காணி பெண்ணுக்கே உரியது. ஆனால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. கணவன் காணாமற்போன பெண் யாரிடம் கையொப்பம் வாங்குவது? மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற வழி உண்டு. இது பலருக்குத் தெரியாது. அதேபோல, அரச காணி அனுமதிப்பத்திரங்களில் வாரிசுரிமையில் ஆண்பிள்ளைக்கு முதலிடம் கொடுத்த விதி 2022இல் திருத்தப்பட்டது. உங்கள் மகளுக்கும் இப்போது அதில் சம இடம் உண்டு.

2025 கார்த்திகை 28ஆம் திகதி டித்வா புயல் நாட்டுக்குள் புகுந்ததை நாம் எவரும் மறக்கவில்லை. அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா பகுதிகளில் மலை சரிந்து வீடுகளை மூடியது. மன்னாரும் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் வெள்ளத்தில் கிடந்தன. வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபா என்றும், முற்றாக வீடு இழந்தவர்களுக்கு வீடு கட்ட 50 இலட்சம் ரூபா என்றும் அரசாங்கம் அறிவித்தது. முன்னர் கேட்டிராத தொகை. வரவேற்க வேண்டியது. ஆனால் மலையகத்தில் லயன் அறையில் நாலு தலைமுறையாக இருந்து கொழுந்து பறிக்கும் பெண்ணின் பெயரில் ஓர் அடி நிலமும் இல்லை. "உன்னுடைய வீடு எது, உறுதி எங்கே" என்று கேட்டால் அவள் எதைக் காட்டுவாள்? அவளுடைய கதையும் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கும் எமது அக்காவின் கதையும் ஒன்றே. பயிர் அழிந்தால் நட்டஈடு செய்கையாளராகப் பதிந்தவருக்குக் கிடைக்கும். அந்தத் தோட்டத்தில் கூலி செய்தவள் இழந்த நாட்களுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

நாம் கேட்க வேண்டியவை

சகோதரிகளே, நிவாரணத்தைப் பிச்சை என்று நினைத்துத் தலை குனிந்து நிற்க வேண்டாம். அது நாம் ஒவ்வொரு சவர்க்காரக் கட்டிக்கும் சீனிக்கும் கொடுக்கும் வரிப் பணம். எனவே கேட்பதற்கு உரிமை உண்டு. மாரிக்கு முன், தண்ணீர் வருவதற்கு முன், கேட்க வேண்டும்.

எமது பிரிவில் அனர்த்த முகாமைத்துவக் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது, அதில் எத்தனை பெண்கள் என்று விதானையாரிடம் கேளுங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமாகப் போங்கள். தங்குமிடப் பிரிவிலும் பாதுகாப்புப் பிரிவிலும் பெண்களைப் போடும்படி கேளுங்கள். தங்கப்போகும் பாடசாலையை முன்கூட்டியே போய்ப் பாருங்கள். பூட்டு, லைற், தண்ணீர், பெண்களுக்குத் தனி இடம், மாதவிடாய்த் துணி மாற்ற இடம், மாற்றுத்திறனாளிகள் ஏறக்கூடிய வழி ஆகியவற்றைப் பாருங்கள். காலை இழந்த எமது சகோதரி ஒருத்தி படிக்கட்டில் ஏற முடியாமல் மழையில் நிற்கக் கூடாது.

வாய்க்கால்கள் துப்புரவாக்கப்பட்டனவா, மூடிக் கட்டப்பட்ட குளங்கள் எவை என்பதையும் கேளுங்கள். எமது நிலம் தட்டையானது. தண்ணீர் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் போக வழி இல்லாவிட்டால் வீட்டுக்குள்தான் வரும். தொண்டைமானாற்றுத் தடுப்பணையின் கதவுகளை உரிய நேரத்தில் திறப்பதும் தாழ்ந்த வயல்களுக்கும் குடியிருப்புகளுக்கும் உயிர்ப் பிரச்சினை. இவை பெரிய பொறியியல் விடயங்கள் என்று ஒதுங்க வேண்டாம். எந்த ஒழுங்கையில் முதலில் தண்ணீர் ஏறும் என்பது அந்த ஒழுங்கையில் கோலம் போடுகிறவளுக்குத்தான் தெரியும்.

இடம்பெயர்வைப் பற்றி எம்மைவிட அறிந்தவர்கள் யார்? பங்கர் காலத்தில் எங்கள் அம்மாமார் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பொலித்தீன் பையில் சுற்றி, தலைமாட்டில் வைத்துப் படுத்தார்கள். எந்தப் பிள்ளை எதைத் தூக்குவது, யார் ஆச்சியின் கையைப் பிடிப்பது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு திட்டம் இருந்தது. அது துன்பத்தில் படித்த அறிவு. அந்த அறிவுக்கு ஆயத்தக் கூட்டத்தில் ஒரு கதிரை வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை

ஒன்று, ஒரு பொலித்தீன் பை. அதற்குள் அடையாள அட்டை, பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி என்பவற்றின் பிரதிகளைப் போட்டு வையுங்கள். போரில் தொலைந்தவை இருந்தால் இப்போதே எடுங்கள். சான்றிதழ்களின் பிரதிகளைப் பிரதேச செயலகத்திலும், உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்திலும் பெறலாம். எல்லாவற்றையும் தொலைபேசியில் படம் பிடித்து வெளியூரில் உள்ள ஒரு நம்பிக்கையானவருக்கும் அனுப்பி வையுங்கள்.

இரண்டு, உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு. கொடுப்பனவு வரும்போது அதற்கு வந்து சேர ஓர் இடம் வேண்டும்.

மூன்று, விதானையாரின் பதிவில் உங்கள் குடும்பம் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வேறு ஊரிலிருந்து வந்து குடியிருப்பவர்கள் இங்கே பதிவு செய்திருக்கிறீர்களா? குடும்பத்தை நடத்துபவர் நீங்கள் என்றால் அந்தக் கட்டத்தில் உங்கள் பெயர் இருக்கவேண்டும். அதனால் கணவரை மறந்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. அவரை நெஞ்சில் வைத்திருங்கள். கட்டத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள்.

நான்கு, கணவர் காணாமற்போன சகோதரிகளுக்கு ஒரு செய்தி. 2016இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெறலாம். அதில் அவர் இறந்ததாக எழுதப்படுவதில்லை. கொடுப்பனவுகளுக்கும் சொத்துக் காரியங்களுக்கும் அது உதவும். உண்மை தெரியாமல் எந்தச் சான்றிதழும் வேண்டாம் என்று போராடும் தாய்மாரையும் நான் அறிவேன். அவர்களுடைய முடிவுக்குத் தலை வணங்குகிறேன். எடுப்பதா விடுவதா என்பது உங்கள் முடிவு. இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

ஐந்து, இரண்டு இலக்கங்களைப் பிள்ளையின் கொப்பி மட்டையில் எழுதி வையுங்கள். அனர்த்தத்துக்கு 117. தங்குமிடத்திலோ வீட்டிலோ பெண்களுக்குத் தொந்தரவு நேர்ந்தால் மகளிர் உதவிச் சேவை 1938.

டித்வா மழையின் பின்னர் மீண்டும் படிவங்களுடன் அந்தக் கிழக்குக் கரைக் கிராமத்துக்குப் போனேன். அந்த அக்காவின் முற்றத்தில் இன்னும் சேறு காயவில்லை. நான் படிவத்தை விரித்ததும் அவர் உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இதிலை என்ரை பேரை எழுதுங்கோ பிள்ளை. அவர் வந்தால் நான் மாத்திக் குடுப்பன்" என்றார்.

நான் எழுதினேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

உங்கள் பெயர் உங்கள் விதானையாரின் பதிவில் எப்படி இருக்கிறது? பார்த்துவிட்டு எமக்கு எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். கந்தோரில் என்ன சொன்னார்கள், எது முடிந்தது, எது முடியவில்லை என்று நீங்கள் எழுதுவது இன்னொரு சகோதரிக்கு வழி காட்டும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.